நண்பகல் மாத்திரை

கைரியாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்றால் கட்டுகஸ்தோட்டையில் ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நிற்பார்கள். நிற்கட்டும். அதற்கெல்லாம் கூச்சப்படுகிறவள் இல்லை அவள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை இறங்க வேண்டிய இடத்தில் இறக்காமல் அடுத்த ஹோல்ட்டில் இறக்கப் பார்த்த கண்டக்டரை, பஸ்ஸையே பின்னால் எடுக்க வைத்தவள் அவள். மீன்காரன் தராசுத் தட்டில் விரல் வைத்து அழுத்தியதைக் கண்டு, தன் மீனை மட்டுமல்ல, அங்கே நின்ற ஏழெட்டுப் பேருடைய மீனையும் திரும்ப நிறுக்க வைத்தவள். தெல்தெனியவில் பிறந்து, இருபத்தொரு வயதில் நளீரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். இப்போது நாற்பத்தேழு. இத்தனை வருஷமும் அந்த ஒழுங்கையில் அவள் குரல் கேட்காத நாள் குறைவு.

ஆனால் ஒன்று. எத்தனை கோபத்திலும் கணவனிடம் அவள் மரியாதையை விட்டதில்லை. 'வாங்கொ, போங்கொ' என்றுதான் பேசுவாள். கோபம் ஏற ஏற அந்த 'ங்கொ' நீளும். அதன் நீளத்தை வைத்தே நளீர் வீட்டுக்குள் வருவதா, இன்னும் கொஞ்ச நேரம் பள்ளிவாசலில் இருப்பதா என்று முடிவு செய்வார்.

நளீர் கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. பாலத்துக்குப் பக்கத்தில் ஆணி, பூட்டு, பைப் சாமான் விற்கும் சின்னக் கடை. ஒரே மகள் நஸ்லியா பேராதனையில் படிக்கிறாள். அவருக்கு இருந்த ஒரே பெருமை நோன்புதான். பன்னிரண்டு வயதில் தொடங்கி நாற்பத்திரண்டு வருஷமாக ஒரு நோன்பையும் விட்டதில்லை. செங்கமாரி வந்து கண் மஞ்சளித்த வருஷமும் விடவில்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து எட்டு வருஷம், அப்போதும் விடவில்லை. சரி, பிடிக்கிற மனிதர் பிடித்துவிட்டுப் போகட்டும். அதை ஊரெல்லாம் சொல்லித் திரியாமல் இருக்க வேண்டுமே! பக்கத்துக் கடை ஹபீல் ஹாஜியார் யாரிடமாவது "நளீர் நானாவப் பாருங்கொ, எஃகு மாதிரி மனுசன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இவருக்கு அன்றைக்கு நோன்பு திறக்கக் கஞ்சிகூடத் தேவைப்படாது.

போன வருஷம் பதினெட்டாம் நோன்பன்று அவருடைய இடது கண்ணின் மேல் இமையில் ஒரு கட்டி வந்தது. கடலைப் பருப்பளவு. யாருக்கும் வருகிற கட்டிதான். கைரியா சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

"ஒரு நாளைக்கு நாலு தரம் இப்பிடி வெச்சாத் தானா ஒடையும். கைய மட்டும் வெச்சிராதீங்கொ" என்றாள்.

கை வைக்காமல் இருப்பாரா? கடையில் விற்பனைக்கு மாட்டியிருந்த குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஆணி அள்ளிய விரல்களாலேயே அதைப் பிதுக்கினார். பிதுக்கிவிட்டு, அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்று அதன் மேல் சுர்மா மையும் இழுத்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். சனிக்கிழமை விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபோது இமை மூடியே கிடந்தது. கன்னம் வரைக்கும் சிவந்து கொதித்தது.

ஒழுங்கை முனையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர் பஸ்லினாவிடம் கைரியா அவரை இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். மேலே பார், கீழே பார், இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்றார். நல்ல கண்ணைப் பொத்திவிட்டுச் சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். விரலில் குத்திச் சீனி பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"கிருமி இப்ப இமையில மட்டுந்தான் ஈக்கி" என்றார் டொக்டர். "கண் நல்லா அசையிது, பார்வையும் பழுதில்ல. அதுக்கு அல்லாஹ்வப் புகழுங்கொ. ஆனா இமைக்குப் பின்னால மெல்லிசா ஒரு சவ்வு ஈக்கி, தட்டி மறைச்ச மாதிரி. கிருமி அதத் தாண்டிக் கண்குழிக்குள்ள போனா வெளாட்டில்ல. அங்க சுத்திவர எலும்பு. சீழ் சேந்தா அதுக்குப் போக எடமில்ல. கண்ண முன்னுக்குத் தள்ளும், பார்வை நரம்ப நெரிக்கும். அங்கேந்து மூள பக்கத்துலதான்."

நளீர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு மாத்திர. காலைல ஆறு, பகல் ரெண்டு, ராவு பத்து. ஒண்டும் தவறப்படாது. சாப்பாட்டோட குடிக்கணும். சீனியும் எறங்கணும். நோன்ப விடுங்கொ, பொறகு வேற நாளைல புடிச்சுக் களாச் செய்யலாம். நாளண்டைக்கு, திங்கக்கெழம வந்து காட்டுங்கொ. அதுக்கு முந்திக் கண்ண அசைக்க நொந்தா, ஒண்டு ரெண்டாத் தெரிஞ்சா, கண் முன்னுக்கு வந்தா, எங்கிட்ட வராதீங்கொ. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கொ."

தெளிவாகச் சொன்னார். பச்சைப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார். வெளியே வந்ததும் நளீர் என்ன சொன்னார் தெரியுமா? "டொக்டர்மார் அப்பிடித்தான் செல்லுவாங்க. ராவுக்குள்ள மூணையும் குடிச்சா என்ன?" என்றார்.

கைரியாவின் 'ங்கொ' நீண்டது. அங்கேயே, றோட்டிலேயே நீண்டது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று ஸிபான் மௌலவியைக் கூப்பிட்டாள். மௌலவி முப்பது வயது தாண்டாதவர், சுருக்கமாகப் பேசுகிறவர். இமையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நானா, இதுக்கு எங்கிட்ட என்னத்தக் கேக்கிற? வருத்தக்காரனுக்கு நோன்ப விட அல்லாஹ்வே இடம் தந்தீக்கி. தந்தத வேணாண்டு செல்ல நீங்க யார்? போய் மருந்தக் குடிங்கொ" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சுக்கு இடம் ஏது? நளீர் தலையாட்டினார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். பகலில் கடையில் சாப்பிடுவது நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், மறைவாகச் செய்து தா என்றார். அது கைரியாவுக்கும் நியாயமாகவே பட்டது. நோன்பு காலத்தில் பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகச் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கடையிலிருந்தே பாவிக்காத புது பெயின்ட் டின் ஒன்றை எடுத்துவந்து கழுவினாள். அதற்குள் சோற்றுப் பார்சலை வைத்தாள். மாத்திரை அட்டையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பகல் மாத்திரை ஒன்றை மட்டும் கடதாசியில் சுற்றிப் பார்சலுக்கு மேலே வைத்து மூடினாள்.

தானும் நோன்போடு, பகல் ஒன்றரை வெயிலில், பெயின்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடையில் வேலை செய்யும் கணேஸ் அதை வாங்கி உள்ளே கொண்டுபோவான். கணேஸ் மஹய்யாவ ஊர்க்காரன், நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். நளீர் உள்ளறையிலிருந்து கையைக் காட்டுவார். அவள் திரும்பி வந்துவிடுவாள். சஹருக்கு ஒரு மாத்திரை, இரவு பத்துக்கு ஒரு மாத்திரை, இரண்டையும் அவள் கண்ணுக்கு முன்னாலேயே குடித்தார். சஹருக்கு ஏன் எழும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, மாத்திரையைச் சாப்பாட்டோடுதானே குடிக்கச் சொன்னார்கள் என்றார். சரியான பதில். டொக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டிய நாளில், "லுஹர் தொழுதிட்டு வார வழியில காட்டின. நல்லமாம்" என்றார். அதையும் நம்பினாள்.

ஆனால் வீக்கம் வற்றவில்லை. ஒரு நாள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அடுத்த நாள் மறுபடி ஏறிவிட்டது. கைரியாவுக்குத் தலை சுற்றியது. மருந்து குடிக்கிறார், நோன்பை விட்டாயிற்று, டொக்டர் நல்லம் என்கிறார். அப்படியானால் மருந்தில்தான் கோளாறு. அட்டையைத் தூக்கிக்கொண்டு மாத்திரை வாங்கிய பாமசிக்குப் போனாள். அங்கே நின்ற சின்னப் பெண்ணைப் பிடி பிடி என்று பிடித்தாள். பழைய மருந்தைத் தலையில் கட்டிவிட்டீர்கள், நோயாளியின் கண்ணோடு விளையாடுகிறீர்கள் என்று கத்தினாள். அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திகதியைக் காட்டினாள். இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கைரியா அட்டையை வாங்கிக்கொண்டு, கடைசி வார்த்தையையும் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிபோல, முந்திய நாள் பெயின்ட் டின்னைத் திருப்பிக் கொடுக்க கணேஸ் வீட்டுக்கு வந்தான். டின்னை நீட்டிவிட்டுப் போகாமல் தயங்கி நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லணும்."

"என்ன கணேஸ்?"

"நேத்துக் கத்தரிக்கா கறி பிரமாதம்ங்க. வூட்டுல சொன்னேன், இந்த மாதிரி வைன்னு. மீன்லதான் உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

கைரியா அவனை விழித்துப் பார்த்தாள். "நீ எப்ப அதத் திண்ட?"

"தெனமுந்தானேங்க? அக்கா எனக்குன்னுதான் அனுப்புறீங்கன்னு மொதலாளி சொன்னாரு. நோம்பு மாசத்துல நன்மைக்காகக் குடுக்கிறீங்கன்னாரு. ரொம்ப சந்தோசம்க்கா. அத ஏன் பெயின்ட் டின்ல அனுப்புறீங்கன்னுதான் எனக்கு வெளங்கல."

"டின்னுக்குள்ள ஒரு மாத்திர ஈந்திச்சே?"

"அத மொதலாளி எடுத்துக்குவாருங்க."

கணேஸ் மேலே சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலில் ஒரு செருப்பு நஸ்லியாவுடையது, மற்றது தன்னுடையது என்பதுகூடத் தெரியாமல் தெருவில் இறங்கினாள். வெயிலில் அவள் சுமந்த டின் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாமசிப் பெண்ணின் முகம் வந்தது. நாலு நாள்! நாலு நாளாக ஒரு மனுசன் தன்னை முட்டாளாக்கியிருக்கிறான். மனதுக்குள் அவள் மரியாதையை விட்டது அந்த ஒரு நாள்தான்.

கடையில் நளீர், வீங்கிய இமை ஒரு கீற்றாகத் திறந்திருக்க, மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர். இவர் சாவி ஒன்றை அவரிடம் நீட்டினார். கை, அவருடைய கைக்குப் போகாமல் பக்கத்தில் வெறும் இடத்துக்குப் போனது. சாவி கீழே விழுந்தது. கைரியா படியில் அப்படியே நின்றாள். டொக்டர் சொன்னது அவளுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது.

உள்ளே போய், மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். இரண்டங்குல ஆணி கிடந்த லாச்சிக்குள், கடதாசி பிரிக்காமல், நான்கு மாத்திரைகள் இருந்தன.

"இது என்ன?"

"கைரியா, ஆக்கள் ஈக்கிறாங்க..."

"ஈக்கட்டும்! எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்! கண்ணத் தொறங்கொ. தொறங்கொஓ!" இமையை அவளே விரலால் தூக்கினாள். உள்ளே கண் இரத்தமாகச் சிவந்து வீங்கியிருந்தது. மற்றக் கண்ணைவிட முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. "அந்தப் பக்கம் பாருங்கொ." அவர் முயன்றார். கண் அசையவில்லை. வலியில் முகம் கோணியது.

"டொக்டர்ட காட்டினீங்களா?"

நளீர் கீழே விழுந்த சாவியைத் தேடிக் குனிந்தார்.

"காட்டல்ல. ஒண்டு ரெண்டாத் தெரியிது எத்தின நாளா?"

"நேத்திலிருந்து" என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து ஹபீல் ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "நோன்பாளியோட இப்பிடிச் சத்தம் போடாதீங்கொ தங்கச்சி. இந்த வருத்தத்தோடயும் மனுசன் நோன்ப விடல்ல. எவ்வளவு பெரிய விஷயம்!" என்றார். ஆக, ஹாஜியாருக்குத் தெரிந்திருக்கிறது. இவர் போய்ச் சொல்லியிருக்கிறார், அவர் மெச்சியிருக்கிறார். கட்டின மனைவி மட்டும் டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"ஹாஜியார், இவர்ட கண் போனா ஒங்கட கண்ணுல ஒண்டத் தாரீங்களா?" என்று கேட்டாள் கைரியா. ஹாஜியார் தன் கடைக்குள் போய்விட்டார்.

கண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவள் திட்டிக்கொண்டே போனாள். அங்கே உடனே வார்டில் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கண் டொக்டர் சிங்களவர், நிதானமான மனிதர். கைரியாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பதால் அவளிடமே எல்லாவற்றையும் சொன்னார். கிருமி சவ்வைத் தாண்டிவிட்டது. கண்குழிக்குள் சீழ் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. இப்போதைக்குப் பார்வை நரம்பு தப்பியிருக்கிறது. கை நரம்புக்குள் ஊசி ஏற்றுவோம், இன்சுலின் கொடுத்துச் சீனியை இறக்குவோம், மணிக்கு மணி பார்ப்போம். குறைந்தால் நல்லது. பார்வை குறையத் தொடங்கினால் உடனே கத்தி வைத்துச் சீழை எடுத்தாக வேண்டும், அதில் நேரம் கடத்த முடியாது என்றார்.

"பார்வை குறைவது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"முதலில் நிறம் போகும். அதிலும் சிவப்பு" என்றார். சிவப்பு மூடி போட்ட சின்ன மருந்துப் போத்தல் ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி, இரண்டிலும் ஒரே சிவப்பா என்று கேட்பார்களாம். அன்றைக்கு நளீருக்கு இரண்டிலும் ஒரே சிவப்புத்தான். ஊசி ஏற்றும்போது, "இதால நோன்பு முறியுமா?" என்று முனகினார். கைரியா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு நோயாளி பார்க்கும் நேரம். கைரியா போனபோது தாதி கட்டிலருகில் நின்று அந்தப் போத்தலைக் காட்டிக்கொண்டிருந்தாள். நளீர் இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடித் திறந்து, "ரெண்டும் ஒண்டுதான், மிஸ்" என்றார். சொல்லிவிட்டுத் தாடியைத் தடவினார். தாதி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதனோடு குடும்பம் நடத்தினவளுக்கு அந்தக் கை எப்போது தாடிக்குப் போகும் என்று தெரியாதா? டொக்டர் பஸ்லினாவுக்கு முன்னால் போனது. 'நல்லமாம்' என்றபோதும் போனது. அப்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தும் விட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். வீங்கிய இமையை மெதுவாகத் தூக்கினாள். நோன்பு திறக்கக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைப் பையிலிருந்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மூடி என்ன நிறம்?"

"அதான் செல்லினேனே, சிவப்பு."

மூடி பச்சை.

அந்தச் சத்தம் அடுத்த வார்டுக்கும் கேட்டிருக்கும். "மிஸ்! மிஸ்! இவர் பொய் சொல்றார்! இவருக்குத் தெரியல்ல!" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடினாள். டொக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் டோர்ச்சை அடித்துக் கண்மணியைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு ஆயத்தம் செய்யச் சொன்னார்.

தள்ளுவண்டி வரும்வரை இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கைரியா குனிந்து கேட்டாள். "ஏன்? இப்ப ஏன் பொய் செல்லின? இங்க யாருக்குப் பெரும காட்ட?"

"பயம், கைரியா" என்றார் நளீர். "கத்தி வெக்கிறண்டு செல்லிட்டாங்க. கண்ணுக்குள்ள கத்தி. எனக்குப் பயம்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்காகக் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. பயந்தால் சொல்ல வேண்டியதுதானே? அவள் என்ன ஊரில் யாரோவா?

சீழை எடுத்தார்கள். கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது நாள் ஊசி ஏறியது. நான்காம் நாள் வீக்கம் வற்றத் தொடங்கியது. பெருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கழிந்தது. அன்றைக்கு ஹபீல் ஹாஜியார் வேறு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பழக்கூடையோடு வந்தார். நோன்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த மனிதர் என்று அவர்களிடம் சொன்னார். நளீர் நானாவின் பொறுமை யாருக்கு வரும் என்றார். நளீர் கட்டுப்போட்ட முகத்தைத் தாழ்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கைரியா எழும்பி நின்றாள். வந்தவர்களிடம் பேசவில்லை. கணவனிடம்தான் கேட்டாள். "நாலு நாளா பகல்ல வாய்க்குள்ள சோறு போகல்ல, சரி. அந்த வாயாலயே எத்தின பொய் வெளிய வந்த? எனக்கு எத்தின? கணேஸுக்கு எத்தின? ஒங்கட கணக்குல அது நோன்பா?"

ஹாஜியார் பழக்கூடையை வைத்துவிட்டு அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியில் கைரியா பாமசியில் இறங்கி அந்தச் சின்னப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். வாழ்க்கையில் அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. நாக்கு புரளவில்லை. அதற்கும் சேர்த்து நளீர் மேல்தான் கோபம் வந்தது.

ஒரு மாதம் கழித்து கிளினிக். கட்டு அவிழ்த்து நாளாகிவிட்டது. கண் தன் இடத்துக்குப் போயிருந்தது. எல்லாப் பக்கமும் அசைந்தது. டொக்டர் எழுத்துகளை வாசிக்க வைத்தார். பெரிய எழுத்துகள் வந்தன, சின்னவை வரவில்லை. பிறகு அதே சிவப்பு மூடிப் போத்தலைக் காட்டினார். நளீர் வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார். இந்த முறை கை தாடிக்குப் போகவில்லை.

"வலது பக்கம் சிவப்பு. இடது பக்கம் காஞ்சுபோன செங்கல் மாதிரி" என்றார்.

"அது இனிமேல் அப்படித்தான்" என்றார் டொக்டர். "இன்னும் சில மணித்தியாலம் போயிருந்தால் அந்தக் கண்ணில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் மாத்திரையை ஒழுங்காகக் குடித்து, சீனியையும் இறக்கியிருந்தால் கத்திக்கே வேலை இருந்திருக்காது."

கைரியா வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வெளியே வந்தாள். த்ரீவீல் பிடித்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாகனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நளீர் வெளியே பார்த்தபடி பெருமூச்சு விட்டார்.

"என்ன செய்ற. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"அல்லாஹ்ட தலையில போடாதீங்கொ! ஒங்கள டொக்டர்ட கொண்டுபோனது அல்லாஹ்ட நாட்டம். மருந்து கெடச்சது அல்லாஹ்ட நாட்டம். மௌலவி வாயால நோன்ப விடுங்கொண்டு செல்ல வெச்சதும் அல்லாஹ்ட நாட்டந்தான். அந்த மாத்திரய ஆணிக்குள்ள ஒளிச்சது யார்ட நாட்டம்? செல்லுங்கொ! யார்ட நாட்டம்?"

த்ரீவீல்காரன் கண்ணாடியில் பார்த்தான். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நளீர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எண்ட நாட்டம்" என்றார்.

கைரியாவுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"இந்த ஒரு சொல்ல, கணேஸ் மொத நாள் அந்தச் சோத்தத் திண்ட அண்டைக்கு எங்கிட்ட செல்லியிருந்தா" என்றாள், "இண்டைக்கு ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு சிவப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்."